அவனை யாரும் கேட்கவில்லை

அக். 13, திங்கள்

காலையிலிருந்தே தூறல். துணி எதுவும் காயவில்லை. பாப்பாவுக்குச் சளி. திருநகரில் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கல்லூரிக்கு ஓட்டம்.

பாலியல் புகார் கமிட்டியில் நான்தான் இளையவள். ஒப்பந்த விரிவுரையாளர் வேறு. இன்று முதல் விசாரணை. மாணவி க. கொடுத்த புகார்: கூடப் படிக்கும் ச., லேபில் அவள் இடுப்பில் கை வைத்து இழுத்தானாம். எனக்கு அவள் மேல் நம்பிக்கை.

தலைவி மேடம் வழக்கம்போல் பெற்றோரைத்தான் முதலில் வரச் சொல்லியிருந்தார். ச.வின் அப்பா, மேலூர்க்காரர். உள்ளே வந்ததும் நேராக க.வின் காலில் விழுந்துவிட்டார்.

"தாயி, எம்புள்ளய மன்னிச்சிரு. படிப்பு போயிரும்."

அப்பா வயது மனிதர். க. பதறிச் சுவரோரம் போய்விட்டாள். "ஐயோ, எந்திரிங்கய்யா, எந்திரிங்க!" ஒரே அழுகை.

மேடம்: "அவளே எந்திரிக்கச் சொல்லிட்டா. சமாதானம் ஆயிருச்சு. கையெழுத்தப் போடுங்க."

ச. மூலையில். நீ செய்தாயா என்று அவனை யாரும் கேட்கவில்லை. புகாரின் நகல்கூடக் கொடுக்கவில்லை. சமாதானம் வேண்டுமா என்று அவளையும் கேட்கவில்லை.

நான் கையெழுத்துப் போடவில்லை.

அக். 14, செவ்வாய்

டயப்பர், இருமல் மருந்து, தோசை மாவு.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் மேடம் மனசு வைக்க வேண்டும். வீட்டில் இவர்: "ஒனக்கு எதுக்குடி இம்புட்டு வம்பு? ரெண்டு பேருந்தான் பேசாமப் போயிட்டாங்கள்ல?"

பேசாமல்தான் போனார்கள். அதுதானே தப்பு!

கேன்டீன் பக்கம் க. வந்தாள். விசாரணை முறை என்னவென்று சொன்னேன். அவனுக்கு நகல், பதில் சொல்ல அவகாசம், பிறகு சாட்சி. அவள் முகம் சுண்டிவிட்டது.

"நீங்க அவன் பக்கமா மேடம்?"

"இல்லப்பா. அவனக் கேக்காமயே முடிச்சாங்க. உன்னையும்தான கேக்கல?"

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "அவங்கப்பா விழுந்ததுலருந்து நாந்தான் தப்பு செஞ்ச மாதிரி இருக்கு. அவன் வாயால சொல்லட்டும். அவங்கப்பா உள்ள வரக்கூடாது."

சமாதானத்தை க. கேட்கவில்லை, முறைப்படி விசாரிக்க வேண்டும் என்று எழுதி மேடத்திடம் கொடுத்துவிட்டேன். முறைத்தார். வாங்கிக்கொண்டார்.

அக். 30, வியாழன்

வெயில். தீபாவளி போனதே தெரியவில்லை. மேடம் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

மறுபடி விசாரணை. ச.வின் அப்பா வெளியே பெஞ்சில். ச. பதில் எழுதிக் கொண்டுவந்திருந்தான். தாளை நீட்டினான்.

"நான் தொடவே இல்ல மேடம். எங்கப்பா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. வந்தாரு, விழுந்துட்டாரு."

பொய்யா? தெரியவில்லை.

அடுத்த அறையில் க.விடம் பதிலை வாசித்தேன். இன்று அழுகை இல்லை.

"லேப்ல இன்னும் ரெண்டு பேரு இருந்தாங்க. அவங்களக் கூப்பிடுங்க மேடம்."

பெயர் சொன்னாள். ச. எழுதிய பதிலின் கடைசி வரியிலும் அதே இருவர்தான்.