நீங்கள் நிறுத்தியிருந்தீர்கள், அக்கா

இன்று மதியம் சாப்பாட்டு ஹாலில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் டிபன் பாக்ஸைத் திறந்தாள். நெத்திலிக் கருவாட்டு வாசம். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் அவள் அருகில் போய் உட்கார நினைத்தேன் அக்கா, முடியவில்லை. சோறு பிசைந்த கையோடு எழுந்து குழாயடிக்குப் போய்விட்டேன். முகம் கழுவுகிற சாக்கில் அழுது முடிப்பதற்குள் பெல் அடித்துவிட்டது.

நீங்கள் போன பிறகு பனியன் கம்பெனியில் யாரும் என்னிடம் உங்களைப் பற்றிப் பேசுவதில்லை. உங்கள் ஓவர்லாக் தையல் மெஷினில் இப்போது ஒரிசாக்காரப் பெண் ஒருத்தி உட்காருகிறாள். நல்ல பெண். ஆனாலும் செக்கிங் டேபிளிலிருந்து நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து நீங்கள் வந்து அருள்புரத்தில் லைன் வீடு எடுத்த புதிதில், உங்களோடு பேசவே பயந்தேன். எங்கள் வீட்டில் கிருத்திகை, சஷ்டி என்று முருகனுக்கு விரதம் வந்துகொண்டே இருக்கும். நீங்களோ கருவாட்டுத் துண்டை என் சோற்றுக்கு மேலே நீட்டி, “ஏ பிள்ளே, ஒரு கடி கடிச்சுப் பாரு. பெறவு நீயே என்னையத் தேடி வருவ” என்றீர்கள். “ஐயோ, இன்னிக்குச் சஷ்டிங்க்கா!” என்று நான் பதறியதற்கு, அந்த வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள். மறுநாள் எனக்கென்று தனி டப்பாவில் கூட்டாஞ்சோறு வந்தது. அன்றிலிருந்து நாம் பிரியவில்லை. தைக்கும்போது மாதா கோயில் பாட்டை முணுமுணுப்பீர்கள். மெஷின் நின்றால் பாட்டும் நிற்கும்.

அந்த ஆன்லைன் ரம்மிச் சீட்டாட்டம் யாரோ அனுப்பிய லிங்க்காகத்தான் உங்கள் போனுக்கு வந்தது. சேர்ந்தாலே போனஸ் என்றார்கள். ஆரம்பத்திலேயே ஜெயித்தீர்கள். டீ நேரத்தில் எல்லோருக்கும் முட்டை பப்ஸ் வாங்கி வந்து, “சும்மா கெடைச்ச காசு பிள்ளே, தின்னு” என்றீர்கள். நாங்களும் சிரித்துக்கொண்டே தின்றோம். அன்றைக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

பிறகு பாட்டு நின்றது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் பாடமாட்டீர்கள். மடியில் போனை வைத்துக்கொண்டு ஒரு கையால் சாப்பிட ஆரம்பித்தீர்கள். பாத்ரூமுக்குப் போனால் வர நேரமாகும், சூப்பர்வைசர் கத்துவார். கேட்டால், “ஜெனி மெசேஜ் போட்டிருந்தா” என்பீர்கள். மகள் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள், அம்மாவைத் தேடுகிறாள் என்று நானும் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதும் குறைந்தது. ஹாஸ்டலுக்குக் கட்டவேண்டும் என்று என்னிடம் கைமாற்று கேட்டீர்கள். அதையே சொல்லி அயர்ன் டேபிளிலும் பேக்கிங்கிலும் கேட்டிருக்கிறீர்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒரு நாள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன்.

“ஏனுங்க்கா, அந்த ரம்மிய இன்னும் ஆடறீங்களா?”

“விட்டத எடுத்துட்டா நிப்பாட்டிருவேன் பிள்ளே. கொஞ்சந்தான் பாக்கி கெடக்கு.”

“அப்ப போன வாரம் ஜெயிச்சேன்னு சொன்னீங்களே, அன்னிக்கு ஏனுங்க்கா நிறுத்தல?”

டிபன் பாக்ஸை மூடினீர்கள். அதில் சாப்பாடு அப்படியே இருந்தது. தோற்ற காசைப் பிடிப்பதற்காக ஆடுகிறீர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தோற்றாலும் ஜெயித்தாலும் உங்களால் எழுந்து வர முடியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு ஒரு மத்தியானம் ஜெனி கம்பெனி கேட்டில் வந்து நின்றாள். தோளில் ஹாஸ்டல் பை. பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில்.

“ஃபீஸ் கட்டலன்னு பரீட்சை எழுத விடலம்மா. கட்டிட்டேன்னு சொன்னியே?”

“கட்டுனேம்மா. அவங்கதான் சரியாப் பாக்கல போல. நாளைக்குப் பேசுதேன்.”

அந்த நேரம் பார்த்து உங்கள் கையிலிருந்த போனில் ஆட்டத்துக்கு வரச்சொல்லி ஏதோ சத்தம் வந்தது. ஜெனி அதை வாங்கிப் பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. போனை உங்கள் கையில் திருப்பி வைத்து, “இனிமே எனக்குக் கூப்பிடாத” என்று சொல்லிவிட்டு, வந்த பஸ் ஸ்டாப்புக்கே நடந்துபோனாள். சாப்பிடாமல்தான் போனாள். நீங்கள் கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் மேல் உட்கார்ந்து, “எம்பிள்ள பசியோட போறா” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

“வாங்க்கா, போலாம்” என்றேன். எங்கே என்று நீங்கள் கேட்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் மனநலம் பார்க்கிற அந்த டாக்டரம்மா திட்டுவார் என்று பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இது கெட்ட புத்தி இல்லம்மா. இதுவும் ஒரு நோய்தான். குணமாக்கலாம், ஆனா தனியா மல்லுக்கட்டாதீங்க” என்றார். வெளியே வந்து மரத்தடியில் நின்று அழுதீர்கள். திட்டு வாங்கியிருந்தால்கூட அப்படி அழுதிருக்கமாட்டீர்கள்.

அவர் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தீர்கள். முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவரிடம், ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும் என்றார். அதுதான் உங்களுக்குப் பெரிய மலை. சாயப்பட்டறையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்த மனிதர், கேட்டுவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோனாராம். ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் உங்கள் சம்பளம் தன் கணக்குக்கு வர ஒப்புக்கொண்டார். போனை விற்றுப் பட்டன் போன் வாங்கினீர்கள். செலவுக்குத் தினமும் அவரிடம் கேட்டு வாங்குவதை, “சின்னப் பிள்ள மாரி நிக்கேன், நிக்கட்டும்” என்று சொல்லி ஏற்றுக்கொண்டீர்கள்.

மனசு இழுக்கும்போது மெஷினை நிறுத்திவிட்டு என் டேபிளுக்கு வருவீர்கள். “பிள்ளே, கையி பரபரங்குது.” நான் பீஸைக் கீழே வைத்துவிட்டு வருவேன். குழாயடி வரை நடப்போம். தண்ணீர் குடிப்போம். உங்கள் ஊர்ப்பக்கத்து உவரிக் கடலைப் பற்றி ஏதாவது சொல்வீர்கள். பேசப் பேச உங்கள் முகம் தெளிவதைப் பார்ப்பேன். “எறங்கிட்டு. நீ போய் வேலையப் பாரு” என்பீர்கள்.

ஒரு தீபாவளி போனஸ் கையில் வந்தபோது வழுக்கி விழுந்தீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனை வாங்கி ஆடிவிட்டீர்கள். மறுநாள் காலையில் நான் பையைக்கூட மாட்டவில்லை, வந்து நின்று, “ஆடிட்டேன் பிள்ளே. வீட்டுல அவங்ககிட்டயும் சொல்லிட்டுத்தான் வாரேன்” என்றீர்கள். எனக்கு அழுகையும் வந்தது, நிம்மதியாகவும் இருந்தது. முன்பு நான் தோண்டித் துருவிக் கேட்டாலும் பொய் சொன்னவர், இப்போது கேட்பதற்கு முன்னாலேயே உண்மையோடு வந்து நின்றீர்கள். டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நீங்கள் ஆடவே இல்லை.

வேலை பார்க்கிற பையன்கள் போனில் ஆடுவதைப் பார்த்தால் விடமாட்டீர்கள். திட்டவும் மாட்டீர்கள். “அளவு வச்சு ஆடுதவனும் இருக்கான் மக்கா. என்னால முடியல. வீட்டுக்குத் தெரியாம ஆடுதியா, கடன் வாங்கி ஆடுதியா, விட்டதப் பிடிக்க ஆடுதியான்னு மட்டும் யோசிச்சுப் பாரு. ஆமான்னா நீ ஆடல, அது ஒன்ன ஆட்டுது.” சிலர் சிரிப்பார்கள். ஒருவன் மட்டும் ஒரு முறை சிரிக்காமல் போனான்.

ஜெனிக்கு ஞாயிறுதோறும் கோயில் முடிந்து கூப்பிடுவீர்கள். அவள் எடுக்கமாட்டாள். நான் மனசு பொறுக்காமல், “விடுங்க்கா, எதுக்கு வருத்தப்பட்டுக்கிட்டு” என்றதற்கு, “எடுக்கலன்னா என்ன பிள்ளே, ரிங் போகுதுல்லா. நம்பர மாத்தல அவ. அது போதும்” என்றீர்கள். ஓவர்டைம் பார்த்துப் பார்த்து அவள் ஃபீஸை அண்ணன் கையால் கட்டவைத்தீர்கள். அவள் திரும்பக் கல்லூரிக்குப் போனாள். நீங்கள் உழைத்த காசு என்று சொல்லச் சொன்னேன். “வேண்டாம். அப்பா கட்டுனதாவே இருக்கட்டும். நான்னு சொன்னா அவ என்னைய நம்பணும்லா. இப்பவே அதக் கேக்கக் கூடாது. பெறவு சொல்லிக்கலாம்” என்றீர்கள்.

பெறவு சொல்லிக்கலாம் என்றுதான் இருந்தோம்.

ஷிப்மென்ட் அவசரத்தில் இருந்த ஒரு காலை, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே வந்து, “வாயு போல பிள்ளே” என்றீர்கள். உட்காரவைத்து வெந்நீர் கொடுப்பதற்குள் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. கம்பெனி வேனில் ஏற்றினோம். என் மடியில் தலை. பல்லடம் ரோட்டில் லாரிக்குப் பின்னால் வேன் நின்றபோது கண்ணைத் திறந்து, “மெஷின ஆஃப் பண்ணுனனா?” என்று கேட்டீர்கள். “பண்ணிட்டீங்க்கா” என்றேன். தலையை ஆட்டினீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் உங்களை இறக்கும்போது நீங்கள் இல்லை.

உங்கள் ஊருக்கு அதுவரை நான் வந்ததில்லை. கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள், இப்படித்தான் வந்தேன். வீட்டு முன்னால் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் சொந்தக்காரர் ஒருவர், “சீட்டாடியே போய்ச் சேந்துட்டா” என்றார். இன்னொருவர், “மக படிப்பையும் அழிச்சிட்டுல்லா போயிருக்கா” என்றார். அண்ணன் காதில் விழுந்தது. அவரால் எழ முடியவில்லை. நான்தான் எழுந்து, “அக்கா எப்பவோ நிறுத்திட்டாங்க. தெரியாமப் பேசாதீங்க” என்றேன். அத்தனை பேரும் வெளியூர்க்காரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் ஜெனி என்னிடம் வந்தாள்.

“சித்தி, நெசமாவே அம்மா நிப்பாட்டிட்டாங்களா?”

“ஆமா கண்ணு.”

“அப்பாவும் அதான் சொன்னாங்க. என்னையச் சமாதானப்படுத்தச் சொல்லுதாங்கன்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ரிங் வரும். காசு கேக்கத்தான் கூப்பிடுதாங்கன்னு…”

நீங்கள் சொல்லக்கூடாது என்றதை நான் சொல்லிவிட்டேன் அக்கா. ஃபீஸ் யார் உழைப்பு என்று சொன்னேன். அவள் அந்தத் தேரிமணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செம்மண் ஒட்டிய அவள் கையை என் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

போன வாரம் நம் பேக்கிங் செக்‌ஷனில் ஒரு பெண்ணைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பெயரை உங்களுக்குக்கூடச் சொல்லமாட்டேன், அவளுக்கு அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவளும் சாப்பிடாமல் போனோடு இருந்தாள், அவளும் எதைக் கேட்டாலும் மகன் பெயரைச் சொன்னாள். அதனால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டாக்டரம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. “உங்ககூட ஒரு அக்கா வருவாங்களே, ரொம்ப நாளாக் காணோம். எப்படி இருக்காங்க?” என்றார்.

பக்கத்தில் அந்தப் பெண் பயத்தோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தத் தீபாவளிக்கு அப்பறம் ஆடவே இல்லீங்க டாக்டர். கடைசி வரைக்கும் ஆடல” என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அந்தப் பெண் தானாகவே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, தன் கதையைச் சொல்லத் தொடங்கினாள்.