நாலாயிரத்து நூறு கிலோ

ஷ்வெரின்,
11 மார்ச் 2019

எக்கார்ட்,

நான் நலம். உன் நலமறிய எனக்கு ஆவல் இல்லை.

இன்று இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்தது. நம் கேரவனின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை மூவாயிரத்து ஐந்நூறு கிலோவிலிருந்து நாலாயிரத்து நூறாக உயர்த்தப்பட்டிருக்கிறதாம். விண்ணப்பித்தவர் நீ. சோதனை நிலையத்தின் முத்திரை, தேதி எல்லாம் இருக்கிறது.

நீ லைசென்ஸ் எடுத்தது 1982இல். அந்தப் பழைய அட்டையைக் காட்டி ஏழரை டன் வரை எதை வேண்டுமானாலும் ஓட்டுவாய். நான் எடுத்தது 2001இல், சட்டம் மாறிய பிறகு. என் அட்டை மூன்றரை டன்னோடு நின்றுவிடும். இது உனக்குத் தெரியாது என்று சொல்லிவிடாதே. பதின்மூன்று வருடம் விருந்துக்கு விருந்து நீ அவிழ்த்துவிட்ட ஒரே ஜோக் அதுதான்: "என் பெண்டாட்டிக்கு மூன்றரை டன்னுக்கு மேல தாங்காதுங்க."

விவாகரத்து ஒப்பந்தத்தில், ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 10 வரை வண்டி எனக்கு என்று எழுதியிருக்கிறது. அதை மாற்றச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்டாய், நடக்கவில்லை. இப்போது ஒரு ரப்பர் முத்திரையால் நடத்திக்கொண்டாய். இனி அந்த வண்டியை நான் தொட்டாலே குற்றம்.

பழையபடி இறக்கு. இல்லாவிட்டால் வக்கீல் எழுதுவார்.

இம்கே


ராட்செபுர்க்,
19 மார்ச் 2019

அன்புள்ள இம்கே (கடித மரியாதைக்காக மட்டும், வேறு பொருள் கொள்ள வேண்டாம்),

உலகத்தில் நடப்பதெல்லாம் உன்னை வருத்தவே நடக்கிறது என்ற எண்ணம் இன்னும் உன்னை விடவில்லை போலும்.

ஜனவரி 14 அன்று லூபெக் பக்கத்தில் போலீஸ் என்னை மறித்து எடை மேடையில் ஏற்றியது. மூவாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு கிலோ. "என்ன சார், வீட்டையே தூக்கிட்டுக் கிளம்பிட்டீங்களா?" என்று ஒரு பொடிப்பயல் போலீஸ்காரன் கேட்டான். அதிகப்படி எடையை இறக்கும்வரை விடமாட்டேன் என்றான். பனியில் சாலையோரம் இரண்டு மணி நேரம் நின்றேன். அதற்குப் பிறகுதான் சட்டப்படி எடையை உயர்த்தி வாங்கினேன். சட்டத்தை மதிப்பது சூழ்ச்சி என்றால் நான் சூழ்ச்சிக்காரன்தான்.

வண்டி உனக்கு இல்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஓட்டத் தெரிந்த யாரையாவது கூட்டி வா. உன் அண்ணனிடம் பழைய லைசென்ஸ் இருக்கிறது. அவரோடுதான் நீ பேசுவதில்லை. அதற்கும் நானா காரணம்?

எக்கார்ட்


ஷ்வெரின்,
2 ஏப்ரல் 2019

எக்கார்ட்,

மூவாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறா? நீயா?

நார்வே போனபோது என் இரும்பு வாணலியைப் பிளென்ஸ்புர்க்கில் ஒரு பெட்ரோல் பங்க்கில் விட்டுவிட்டு வந்தவன் நீ. "ரெண்டே முக்கால் கிலோ, இம்கே! ரெண்டே முக்கால்!" என்று கத்தினாய். அது என் அத்தை கொடுத்தது. புத்தகம் ஆளுக்கு ஒன்று, செருப்பு ஆளுக்கு ஒரு ஜோடி. தண்ணீர்த் தொட்டியைக் கால்வாசிதான் நிரப்புவாய். நான் தலைமுடி அலச வேண்டுமென்றால் முகாம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவன் தனியாளாக நானூறு கிலோ அதிகம் ஏற்றினானாம், நான் நம்ப வேண்டுமாம்.

அதோடு இன்னொன்று. கேர்டா அம்மா நடத்துகிற ஏரிக்கரைக் கேரவன் முகாமில் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டியைப் புல்வெளியில் விடமாட்டார்கள். ஈரமண் புதைந்துவிடும். ஏரிக்கரையில் பன்னிரண்டு வருடம் நாம் நின்ற பதினாலாம் எண் இடம் இனி உனக்கும் இல்லை. வாசல் பக்கம், கக்கூஸ் தொட்டிகளை எல்லாரும் கொட்டிக் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஜல்லித் தரையில் நிற்க வேண்டியதுதான். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத் தடையானால் போதும் என்கிற ஆள் நீ என்று தெரியும். இவ்வளவு அழகாக அறுத்துக்கொள்வாய் என்று தெரியாது.

வக்கீலுக்கு எழுதவில்லை. அதைவிட நல்ல வழி கிடைத்தது. நேற்று லாரிப் பயிற்சிப் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டேன். ஏழரை டன் லைசென்ஸ். கண் பரிசோதனை முடிந்தது. என் பார்வை பிரமாதமாம். தாமதமாகத்தான் தெரியவந்தது.

இம்கே


ராட்செபுர்க்,
10 ஏப்ரல் 2019

இம்கே,

ஷ்வெரின் பேக்கரிக்காரரின் பூந்தொட்டிகளை இரண்டு முறை பின்பக்கமாக வந்து நொறுக்கிய பெண்மணி லாரி ஓட்டப் போகிறார். நகர மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது என் கடமை என்று தோன்றுகிறது.

பயிற்சிக்கும் தேர்வுக்கும் நீ கொட்டப் போவதை வைத்து மூன்று வாரம் நல்ல ஹோட்டலிலேயே தங்கலாம். ஆனால் உனக்கு விடுமுறை முக்கியமில்லை, ஜெயிப்பதுதான் முக்கியம்.

எக்கார்ட்


ஷ்வெரின்,
3 ஜூன் 2019

எக்கார்ட்,

முதல் தேர்வில் தோற்றேன். நீ கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன். ஒரு குறுகலான சந்தில் திரும்பும்போது பின்சக்கரம் நடைபாதையில் ஏறிவிட்டது.

பயிற்சியாளர் ஓட்மார் அறுபது வயது மனிதர், வாயெல்லாம் நக்கல். முதல் நாளே கேட்டார், "ஏம்மா, பல் செட்டு செய்யற வேலை உனக்கு. லாரி எதுக்கு?"

"என் முன்னாள் புருஷன் வண்டியோட எடையை ஏத்திட்டாருங்க."

மனிதர் லாரிக் கதவைத் திறந்தார். "அடப்பாவி," என்றார். "ஏறி உக்காரு."

அதற்குப் பிறகு வாரத்துக்கு மூன்று நாள் அவர் என்னைத் திட்ட, நான் அவரைத் திட்ட, அந்தப் பூதத்தை நகரம் முழுக்க ஓட்டினோம். போன வியாழன் இரண்டாம் தேர்வு. தேறிவிட்டேன். பேக்கரிக்காரர் வாசலில் நின்று கைதட்டினார்.

ஜூலை 20, சனிக்கிழமை, காலை பத்து மணி. கேர்டா அம்மாவின் முகாம் வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்து. உன் நானூறு கிலோவை, அது என்னவாக இருந்தாலும், உன் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு வா.

இம்கே


ராட்செபுர்க்,
12 ஜூன் 2019

இம்கே,

தேறியதற்கு வாழ்த்து.

ஜூலை தோதுப்படாது. கேஸ் இணைப்பைச் சோதிக்க வேண்டும். பிரேக்கில் ஒரு சத்தம் வருகிறது. மேல் ஜன்னலில் நீர் கசிகிறது. செப்டம்பரில் எடுத்துக்கொள், நான்கு வாரம் வேண்டுமானாலும். அல்லது இந்த ஒரு வருடம் விட்டுக்கொடு. அடுத்த வருடம் ஆறு வாரம் உனக்கு.

நான் எதையும் எளிதில் கேட்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

எக்கார்ட்


ஷ்வெரின்,
24 ஜூன் 2019

எக்கார்ட்,

17ஆம் தேதி உனக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. "இந்த முகவரியில் இல்லை" என்று உறையில் ஒட்டியிருந்தார்கள். தவறு என்று நினைத்தேன். அந்த வீட்டில் பதினொரு வருடம் இருந்தவளுக்கு முகவரி தவறுமா?

கேர்டா அம்மாவுக்கு போன் செய்தேன். வண்டியை வாங்கிக்கொள்ள இருபதாம் தேதி வருகிறேன், வாசலில் இடம் வேண்டும் என்றேன். "அப்ப அவரு எங்கம்மா தூங்குவாரு?" என்று கேட்டாள்.

"அவர் வீட்டுலதான்."

"எந்த வீடு? அடி பைத்தியக்காரி, உனக்குத் தெரியாதா? நவம்பர்லேருந்து இங்கதானே கெடக்கறாரு. வீட்டுக்காரன் தன் மகனுக்கு வேணும்னு காலி பண்ணச் சொல்லிட்டான். பனியில டீசல் குழாய் உறைஞ்சு போச்சு, அப்பக்கூட இங்கதான். ஏரிக்கரையில விடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்கலை. எடை கூடிப்போச்சு, விதி விதிதான்னு தானே வண்டியை ஜல்லிக்குக் கொண்டுபோய் நிறுத்திட்டாரு. பழைய வீட்டுக்கு வர்ற தபாலை இங்க திருப்பிவிட ஏற்பாடு பண்ணியிருந்தாரு, அந்தக் கெடு இந்த மாசம் முடிஞ்சுபோச்சு. உன்கிட்ட சொல்லாதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. சத்தியம் போகட்டும், சொல்லிட்டேன்."

போனை வைத்துவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்தேன். நானூறு கிலோ என்னவென்று அப்போது புரிந்தது. வெந்நீர்க் குழாய் ரிப்பேர் செய்கிற உன் கருவிப் பெட்டிகள். குளிர்காலக் கோட்டுகள். ஒரு மனிதனின் பாத்திரம், படுக்கை, ஃபைல்கள். போலீஸ்காரன் கேட்டது சரிதான்.

இரக்கப்பட்டேன் என்று நினைக்காதே. எனக்கு வந்தது கோபம். மார்ச்சிலிருந்து உன்னைக் கேவலமானவன் என்று நினைத்து எழுதினேன். ஒரு வரியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாறாக, இல்லாத வீட்டின் முகவரியைத் தாளின் தலையில் எழுதி எழுதி அனுப்பினாய். நான் உன்னைத் தெரிந்துகொள்வதைவிட வெறுப்பதே மேல் என்று முடிவு செய்தாய். கல்யாண வாழ்க்கை முழுக்க நீ செய்தது அதைத்தான். நான் போனதும் அதனால்தான், உனக்கு இன்னும் விளங்கவில்லை என்றால்.

ஆகவே ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஜூலை 20, பத்து மணி. டென்மார்க் போகிறேன். உன் சாமான்களை இறக்க வேண்டாம். நாலாயிரத்து நூறு வரை ஓட்ட எனக்கு உரிமை இருக்கிறது.

அந்த மூன்று வாரம் என் ஃபிளாட் காலியாகக் கிடக்கும். சாவியைக் கேர்டா அம்மாவிடம் கொடுத்துவைக்கிறேன். படுக்கைக்கு வெள்ளைத் துணி மாற்றியிருக்கும். மற்றபடி நீ என்ன செய்தாலும் எனக்குக் கவலையில்லை.

இம்கே


கேர்டா அம்மாவின் முகாம்,
12 ஆகஸ்ட் 2019

இம்கே,

வண்டி நல்லபடியாக வந்து சேர்ந்தது. ஒரு கீறல் இல்லை. தேடிப் பார்த்தேன்.

உன் ஃபிளாட்டில் நான் தங்கவில்லை. இதை என்னிடமிருந்தே நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். யாரோ மறந்துவிட்டுப் போன கூடாரம் ஒன்று கேர்டா அம்மாவின் கிடங்கில் இருந்தது. சிறு பிள்ளைகளுக்கானது, மேலே டைனோசர் படம். உள்ளே படுத்தால் முழங்காலுக்குக் கீழே வெளியே. இருபத்தொரு நாளில் பதினொரு நாள் மழை. கூடார வெளியில் எடை வரம்பு இல்லை என்பது ஒன்றே ஆறுதல். காலையில் அங்கிருந்தே வேலைக்குப் போனேன்.

எட்டாம் நாள் எல்லாம் நனைந்துவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு உன் தெருவுக்கு வந்தேன். மணிப் பொத்தான் பக்கத்தில் உன் பெயர் இருந்தது, அப்பா வீட்டுப் பெயரோடு. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு அம்மாள் வந்து, "யாரைப் பாக்கணும்?" என்றார். என் கையில் வேலைக்காக வண்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த கருவிப் பை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "வெந்நீர் பாய்லர் பாக்க வந்தேங்க."

"அப்பாடா! ரெண்டு மாசமா கரடியாக் கத்தறோம், இப்பத்தான் ஆள் அனுப்பினாங்களா?" என்று கையைப் பிடித்து நிலவறைக்கு இழுத்துப் போனார். பாய்லர் படு மோசம். நாலு மணி நேரம் ஆயிற்று. காபியும் பிளம்ஸ் கேக்கும் கொடுத்தார்கள். பிறகு முகாமுக்குத் திரும்பிவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். உன் கோபத்துக்குப் பதில் எழுத எனக்குத் தெரியும். இரக்கத்துக்குப் பதில் எழுதத் தெரியாது. பதினேழு ஃபிளாட் பார்த்தேன். ஐம்பத்தாறு வயது தனியாளுக்குக் கொடுக்க யாருக்கும் மனமில்லை. இதை உனக்கு எந்த வாக்கியத்தில் எழுதுவேன்?

சாவி கேர்டா அம்மாவிடம் இருக்கிறது.

எக்கார்ட்


ஷ்வெரின்,
25 ஆகஸ்ட் 2019

எக்கார்ட்,

பிரேக்கில் எந்தச் சத்தமும் இல்லை. மேல் ஜன்னல் கசியவில்லை. பொய் சொல்வதிலாவது கொஞ்சம் உழைப்புக் காட்டியிருக்கலாம்.

உன் கருவிகள் டென்மார்க் வரை வளைவுக்கு வளைவு கடகடத்தன. "லாரிகள் முந்தக் கூடாது" என்ற பலகை எனக்கும் பொருந்தும் என்று ஓட்மார் சொல்லித்தந்திருந்தார். அறுபது கிலோமீட்டர் ஒரு பன்றி லாரிக்குப் பின்னாலேயே போனேன். நான்காம் நாள் ரேடியோவில் ஷ்வெரினில் கனமழை என்றார்கள். நீ என் வீட்டில் காய்ந்த துணியோடு இருப்பாய் என்று நினைத்து நிம்மதியாக மீன் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டை நீ இப்போது கெடுத்துவிட்டாய்.

வெந்நீர் வருகிறது. நிர்வாகத்துக்கு போன் செய்தால் நாங்கள் யாரையும் அனுப்பவில்லையே என்கிறார்கள். கீழ்வீட்டு அம்மாள் அந்தத் தங்கமான மனிதரின் பெயரைக் கேட்டுவைக்கவில்லையே என்று புலம்புகிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.

வக்கீலைப் பார்த்தேன். வண்டியில் என் பாதியை உனக்கு எழுதித் தரலாம் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அது இரக்கம். இரக்கத்துக்குப் பதில் எழுதத் தெரியாது என்று நீயே சொல்லிவிட்டாய். பதில் வராத கடிதம் எழுத எனக்கு நேரமில்லை.

அடுத்த வருடமும் ஜூலை 20, காலை பத்து மணி. உன் அளவுக்கு ஒரு கூடாரம் வாங்கு.

இம்கே