அப்பாவின் பேய் நாவலுக்கு ஒரு கூட்டம்

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அப்பா எழுதிய ஒரே பேய் நாவலை, இத்தனை வருஷம் யாரும் சீண்டாமல் கிடந்ததை, நூலக வாசகர் வட்டத்தில் நேற்று எடுத்துப் பேசினார்கள். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டு, அவரை முன்வரிசையில் உட்கார வைத்தேன்.

பேங்க் மேனேஜர் ஒருவர் எழுந்தார். "மூணாவது அத்தியாயத்துலயே கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுபோச்சுங்க. பயமே வரல."

பின்னாலிருந்த நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், நான் பிணவறைக்கே தனியாப் போறவ. இதைப் படிச்சிட்டு எங்க வீட்டு மாடிக்குப் போகப் பயந்தேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஒரே சண்டைதான். இதைக் கேட்கத்தானே உன் அப்பா ஏங்கினார்!

அவரும் உன்னிப்பாகக் கேட்டுவிட்டு நர்ஸிடம் சொன்னார்: "கதை நல்லாயிருக்கும் போலிருக்கே. யாரு எழுதினது?"

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ அவசரமாகக் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். உன் அப்பாவும் தட்டினார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாய். நல்ல மனிதர். இப்போதெல்லாம் மாத்திரையை மாற்றுவதில்லை.

லீவு கிடைக்கும்போது வா. வந்ததும் ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொள்ளாதே. முதலில் உன் பெயரைச் சொல். தெரியாதவர்கள் தொட்டால் பயந்துவிடுகிறார்.

உன்
அம்மா