எதிர்த்தரப்புச் சாட்சி

செவ்வாய், இரவு

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

இலுப்பூர் சாலையில் பின்னால் வந்த கார் என் காரில் மோதியதிலிருந்து கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எலும்பு முறியாததால் யாரும் நம்பவில்லை. இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டேன். நான் திடீரென்று பிரேக் போட்டதுதான் தப்பு என்றார் அந்தக் காரை ஓட்டியவர். துபாயிலிருந்து என் கணவரும், "அப்படித்தான் போட்டியா?" என்று கேட்டார்.

இன்று புதுக்கோட்டை கோர்ட்டுக்கு அந்த ஆள் தன் மனைவியையே சாட்சியாகக் கூட்டி வந்திருந்தார். மோதியபோது காரில் அவர் பக்கத்தில் இருந்தவள். யார் மேல் தப்பு என்று என் வக்கீல் கேட்டதும் புருஷனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தக்கா மெதுவாத்தாங்க போனாங்க. இவருதான் போனைப் பாத்துக்கிட்டே ஓட்டுனாரு."

எனக்கு எழுந்து கத்திவிடலாம் போல இருந்தது. தீர்ப்பு வரட்டும், வராமல் போகட்டும், அவள் சொன்னது பதிவாகிவிட்டது.

வெளியே ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒன்னைய வீட்டுல திட்ட மாட்டாங்களாம்மா?"

"திட்டட்டுங்க்கா. ஒங்க வலி பொய்யின்னு இவரு சொல்றப்பல்லாம் வாய மூடிக்கிட்டு இருந்தேன். எனக்கும் அன்னையிலருந்து கழுத்து வலிக்கிது. யாருகிட்டயும் சொல்லல."

நாளைக் காலை என் டாக்டரிடம் வரச் சொல்லியிருக்கிறேன். "வாரேன்" என்றாள், புருஷன் காதில் விழும்படியே.