பதினைந்தில் ஆறு

ரந்தசல்மி,
மார்ச் 9, திங்கள்.

என் வலப்பக்கத்து வெய்க்காவுக்கு,

இடப்பக்கத்து இல்போ எழுதிக்கொள்வது. நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம், தொடங்கிவிட்டேன். உண்மை நிலவரத்தைப் போகப் போகச் சொல்கிறேன். நீ அந்த ஸ்லோவாக்கிய மலையடிவாரத்தில் நன்றாகத் தின்று, தூங்கி, ஆடிக்கொண்டிருக்கிறாய் என்று நம்ப ஆசை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நாலு ஜோக் அடித்து என் வாயை அடைத்துவிடுவாய். காகிதத்திடம் அது நடக்காது. ஹென்னா வியாழனன்று உன்னைப் பார்க்க வருகிறாள் அல்லவா, உன் பெண்டாட்டி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. காலையில் அதன்மேல் நடக்கப் போவேன். வெளிச்சம் கண்ணைக் குத்துவதால் கறுப்புக் கண்ணாடி. நடக்க நடக்கக் கரை மங்கி, வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும். அப்போது கால்கள் தாமாகவே பின்னோக்கி நடக்கத் தொடங்கும். சிரிக்காதே. எதிராளியின் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் சறுக்கிச் சறுக்கி ஐஸ் ஹாக்கியில் தடுப்பாட்டம் ஆடிப் பிழைத்தவனுக்கு, முன்னால் நடப்பதுதான் கஷ்டம். அந்த வெள்ளைக்குள் நீ என் வலது தோளருகே வந்துகொண்டிருப்பாய். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கும். எவ்வளவு நேரம் போகிறதென்றே தெரியாது.

போன வாரம் அப்படியே நின்றுவிட்டேன். வீடு எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. மீன் பிடிக்க வந்த ஒரு பெரியவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். "பதினேழாம் நம்பர் இல்போதானே? நீங்க கோல் போட்டு நான் பாத்ததே இல்லையே!" என்றார். மொத்தமே மூன்று கோல், அதிலும் ஒன்று எங்கள் வலைக்குள் என்றேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஹென்னா பன்னும் கையுமாக வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. "போன வாரம் ஓரப் பலகையில தலை மோதி விழுந்தான்ல, எனக்கு உசிரே போயிடுச்சு. டாக்டர் டெஸ்ட் வச்சுப் பாத்துட்டாரு இல்போ. சீசனுக்கு முன்னாடி எடுத்த அதே மார்க்காம், ஒண்ணும் குறையலையாம். சனிக்கிழமை பிளே ஆஃப்ல எறங்கறான்!" என்றாள். பிறகு காபியைக் கலக்கியபடி, "வெள்ளிக்கிழமை ரெண்டு தடவ போன் பண்ணினான். ரெண்டு தடவையும் பஸ் பஞ்சரான அதே கதை. ரெண்டாவது தடவையும் சிரிச்சு வெச்சேன்" என்றாள்.

கடித்த பன்னைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அந்த மார்க்கே பொய் என்று அவளுக்குத் தெரியாதே! உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தானே. நாம் ஜோடி சேர்ந்த முதல் ஆகஸ்ட். சீசன் தொடங்குமுன் டாக்டர் பதினைந்து வார்த்தை வாசிப்பார், திருப்பிச் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டால் மறுபடி அதே டெஸ்ட். மார்க் குறைந்தால் ஆடவிட மாட்டார். நான் உன் காதோரம், "லூசு மாதிரி பதினாலு சொல்லித் தொலைக்காதே. ஆறு போதும். இப்பவே முட்டாளா இருந்துட்டா அப்புறம் எவனும் கண்டுபிடிக்க முடியாது" என்றேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆகஸ்டிலும் இரண்டு பேருக்கும் ஆறு. பாவி, எனக்கு அதில் பெருமை வேறு.

தலையில் அடிபட்ட நாலு முறையும் அந்த ஆறுதான் என்னைக் களத்துக்குத் திருப்பி அனுப்பியது. போன மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் அதே மாதிரி பதினைந்து வார்த்தை வாசித்தார்கள். இந்த முறை ஏமாற்றவில்லை, உயிரைக் கொடுத்து யோசித்தேன். நான்குதான் வந்தது. காருக்குள் உட்கார்ந்து அழுதேன். இந்தக் கடிதத்தை எழுதவே காலையிலிருந்து மூன்று தடவை படுத்து எழுந்துவிட்டேன்.

நீ மூலையில் வட்டை எடுக்கப் போகும்போது உன் முதுகுதான் எதிராளிக்குத் தெரியும். என் குரல்தான் உனக்குக் கண். "ஆள் வர்றான்!" என்றால் உடம்பைக் குறுக்குவாய். "டைம் இருக்கு!" என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூடத் தப்பாகக் கத்தியதில்லை என்று மார்தட்டியிருக்கிறேன். இதில் தப்பாகக் கத்திவிட்டேன், வெய்க்கா.

ஹென்னாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, "எங்க வீட்டு சவுனா ஆவிக் குளியல்ல உக்காந்து, எங்க சூப்பைக் குடிச்சியே. ஒரு வார்த்தை சொன்னியா?" என்றாள். வாசல்வரை பின்னாலேயே போனேன், அங்கே நின்றபடிதான் மிச்சத்தைப் பேசினோம்.

உனக்கு முப்பத்தைந்து வயது. சனிக்கிழமை ஆடாவிட்டால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது, அத்தோடு உன் ஆட்டம் முடிந்தது. தெரிந்துதான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலை நீயே டாக்டரிடம் போய் அந்த ஆறு பொய் என்று சொல்லிவிடு. மதியத்துக்குள் போகவில்லையென்றால் ஹென்னா போவாள். பேசி முடிவெடுத்துவிட்டோம்.

என்னைத் திட்டு. துரோகி என்று சொல். ஊருக்கு வந்தாலும் என் வாசலை மிதிக்காதே. ஆயுசு முழுக்க என்மேல் கோபமாயிரு. அந்தக் கோபம் எதற்கென்று கடைசிவரை உனக்கு ஞாபகம் இருக்கட்டும். ஆண்டவனிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்.

என்றும் உன்
இல்போ