வெள்ளைச் சீற்றில் மஞ்சள்

ஏப்ரல் 3

மேல்மாடி ஜெர்மன்காரர் கிரேமர், கராஜ் திறப்பும் கார்த் திறப்பும் கோத்த தன் சாவி வளையத்தை இன்று என்னிடம் தந்தார். திங்களன்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார். மறுநாள் இருதயச் சத்திரசிகிச்சை.

கரும்பச்சைப் போண்டியாக். 1970இல் செய்தது, கூரையை மடக்கிவிட்டு ஓடும் அமெரிக்கக் கார். ஊருக்குத் திரும்பிய ஓர் அமெரிக்கப் படைவீரனிடம் வாங்கினாராம். ஞாயிறு மாலைகளில் மனைவி ஹெல்காவுடன் அதில் கொஞ்சத் தூரம் ஓடுவார். ஹெல்கா இறந்த பிறகு அது வெளியே வரவில்லை. பெயின்ற், வெள்ளைச் சீற், எல்லாம் தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருக்கின்றன. பிள்ளைகள் இல்லை. மாதக் கடைசியில் கார் அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். திருப்தி என்றால் எடுத்துக்கொண்டு, காருக்குப் பக்கத்தில் கிரேமர், ஹெல்கா இருவர் பெயரையும் எழுதி வைப்பார்கள். கிரேமர் எதிர்பார்த்திருப்பது அது ஒன்றைத்தான்.

கிழமைக்கு ஒருமுறை கூரையைத் திறந்து சீற்றுக்குக் காற்று விட வேண்டும். வெயில் மட்டும் படக் கூடாது, டாஷ்போர்ட் வெடிப்பு விட்டுவிடும்.

“நீங்கள் கவனமான மனிதர், ஹேர் தியாகராசா” என்றார்.

கவனமா, பயமா? எனக்கே தெரியாது.

ஏப்ரல் 7

கூரையைத் திறந்து வைத்திருந்தேன். மனைவி சுந்தரேஸ்வரி செம்பும் வேப்பிலையுமாக வந்து நின்றாள். ஹம் நகரத்து அம்மன் கோயிலில் கிரேமருக்கு அர்ச்சனை செய்யப் போனாளாம். ஐயர் நட்சத்திரம் கேட்க, முழித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அதனால் மஞ்சள் தண்ணீர்.

“அந்தாளுக்கு நேரை தெளிச்சால் பொலிசைக் கூப்பிடும். காருக்குத் தெளியுங்கோ. அவற்றை உயிர் இதுக்குள்ளைதானே கிடக்குது.”

நான் இரசாயனவியல் படிப்பித்தவன். இவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் நாளை அந்த மனிதரின் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள், என்னால் வேறென்ன செய்ய முடியும்? செம்பை வாங்கித் தெளித்தேன். வேப்பிலையை உதறியதில் கொஞ்சம் உள்ளேயும் விழுந்தது. சட்டைப்பை லேஞ்சியால் துடைத்துவிட்டு, கூரையை மூடிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 8

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அறிவிக்க வேண்டியவர் என்று என் பெயரைத்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கிறார்.

அந்தச் சந்தோஷத்தில் கராஜுக்குப் போனேன். ஓட்டுபவரின் சீற்றில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். தெறித்தது சில துளிதான், நான் துடைத்ததில்தான் படர்ந்திருக்கிறது.

சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். சிவந்துவிட்டது.

மஞ்சளில் சவுக்காரம் பட்டால் சிவக்கும். மஞ்சள் கடதாசி செய்து, காரத்துக்கு இது ஒரு காட்டி என்று வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளுக்குக் காட்டினவன் நான். நான்தானே படிப்பிச்சனான். பிறகேன் சவுக்காரத்தைத் தூக்கினனான்? வெள்ளைச் சீற்றிலை ரத்தம் மாதிரிக் கிடக்குது.

ஏப்ரல் 9

காரத்துக்கு மாற்று அமிலம்தானே என்று குசினியில் இருந்த வினாகிரியை விட்டேன். சிவப்புப் போய்ப் பழைய மஞ்சள் வந்தது. அதற்கு மேல் அசையவில்லை.

ஏப்ரல் 11

மகன் நிஷாந்தன் வந்து பார்த்தான்.

“அப்பா, இதுக்குள்ளை கறி காய்ச்சினனீங்களோ?”

நான் சிரிக்கவில்லை. அதைக் கண்டு குரலைத் தாழ்த்தினான். “வெள்ளைச் சாயம் அடிக்கிற ஆக்கள் இருக்கினம். ஒருத்தருக்கும் தெரியவராது.”

“பார்க்க வாறவைக்குத் தெரியும். அடிச்சால் அது பழைய சீற் இல்லை.”

“அப்ப அவரிட்டையே சொல்லுங்கோ.”

“ஏலாது.”

அவரைக் கலவரப்படுத்தக் கூடாது என்று தாதி சொல்லியிருக்கிறார். உண்மைதான். ஆனால் அது எனக்கு வசதியாகவும் இருக்கிறது, இல்லையா?

ஏப்ரல் 12

ஒளி பட்டால் மஞ்சளின் நிறம் அழியும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் போதும். முதல் நாளே தெரியும், நினைக்கத்தான் துணிவில்லை. அவர் வேண்டாம் என்று சொன்னதே வெயில் ஒன்றைத்தான்.

ஏப்ரல் 13

மழை.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. மேகம். கோயிலுக்குப் போகவில்லை. கைவிசேஷக் காசு கேட்டு வந்த பேத்தி தேனுஜாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஏப்ரல் 16

ஆஸ்பத்திரிக்குப் போனேன். “கார் எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். “நன்றாக இருக்கிறது” என்றேன். சிரித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இந்த வயதில் ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். வெளியிலை வந்து பஸ்ஸை விட்டிட்டு நிண்டனான். எங்கை போறதெண்டே தெரியேல்லை.

ஏப்ரல் 18

வெயில்.

நிஷாந்தனும் நானும் காரை முற்றத்துக்குத் தள்ளினோம். எஞ்சினைத் தொடவில்லை. டாஷ்போர்டை என் வேட்டியால் நான்கு மடிப்பாக மூடி, அதற்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். மாலையில் மஞ்சள் வெளிறியிருந்தது. அப்படித் தெரிவது என் ஆசையோ என்று சுந்தரேஸ்வரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஓம், குறைஞ்சிருக்கு” என்றாள். எனக்காகச் சொன்னாளோ?

ஏப்ரல் 19

இன்றும் வெயில். காரை முற்றத்துக்குத் தள்ளித் தந்துவிட்டு நிஷாந்தன் போய்விட்டான். மத்தியானம் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. நோயாளிகளைத் தேற்றி அனுப்பும் ஓய்வு நிலையத்துக்குப் போக மறுத்து, கிரேமர் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

தடியை ஊன்றிக்கொண்டு பார்த்தார். திறந்த கார், வேட்டி, குடையோடு நான். எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள், சவுக்காரம், வினாகிரி, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய். என் ஜெர்மன் பாதி வழியில் குலைந்து போனது. குனிந்து சீற்றைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

“திறப்பு.”

அவ்வளவுதான். நிஷாந்தனைக் கூப்பிட்டுக் காரை உள்ளே தள்ளினோம். கராஜ் கதவை அவரே பூட்டினார்.

ஏப்ரல் 22

மேலே அவர் நடக்கும் சத்தம் கேட்கிறது. நேற்று சுந்தரேஸ்வரி சூப் கொடுத்தனுப்பினாள். கிண்ணம் கழுவி வாசலில் வைக்கப்பட்டிருந்தது. 

ஏப்ரல் 25

கும்பிடப் போய், செத்த மனுசி ஹெல்காவின்ரை பேரையும் சேர்த்து அழிச்சுப்போட்டனோ? 

ஏப்ரல் 29

காலையில் கிரேமர் கதவைத் தட்டினார். “வாருங்கள்” என்றார். காரணம் சொல்லவில்லை.

கராஜில் அருங்காட்சியகத்துப் பெண் டார்ச்சோடு நின்றார். எஞ்சின், பெயின்ற், டாஷ்போர்ட் எல்லாம் பார்த்தார். டாஷ்போர்டில் வெடிப்பு இல்லை. சீற்றின் முகம் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் தையலில், நூலுக்குள் மஞ்சள் தங்கிவிட்டது. டார்ச் அந்த இடத்தில் நின்றது.

“இது என்ன?”

நான் வாயைத் திறந்தேன். கிரேமர் முந்திக்கொண்டார்.

“எனக்குச் சத்திரசிகிச்சை நடக்கவிருந்தபோது இவர்கள் எனக்காகப் பிரார்த்தித்தார்கள்” என்றார் கிரேமர். “அந்த மஞ்சள்.”

நூலை மாற்றிவிடலாம் என்றார் அந்தப் பெண்.

“நூலை மாற்றுவதென்றால் கார் உங்களிடம் வராது” என்றார் கிரேமர்.

அந்தப் பெண் இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பரவாயில்லை, ஜூனில் ஆட்கள் வந்து எடுப்பார்கள் என்று சொல்லிப் போனார்.

மாடிப்படியில் கிரேமர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மூச்சு வாங்கியது. என் வாசலில் நின்று, “என் பெயர் ஹைன்ஸ்” என்றார். இத்தனை வருடமும் மரியாதையாக ஹேர் கிரேமர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

கதவைச் சாத்திய பிறகு, ஹைன்ஸ் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

“ஆரோடையப்பா கதைக்கிறியள்?” என்று சுந்தரேஸ்வரி குசினிக்குள்ளிருந்து கேட்டாள்.