கொழுந்து இல்லாத நாள்

ஜூன் 24, செவ்வாய்

அப்பா இன்று தேயிலைப் பெக்டரியிலிருந்து ஒரு தொடுதிரை டெப் கொண்டுவந்தார். மழையில் நனையாமலிருக்கச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவர் முழுவதும் நனைந்திருந்தார், டெப் நனையவில்லை.

கொழும்புக் கம்பனி புதிதாக ஒரு மென்பொருள் தந்திருக்கிறதாம். பெக்டரியில் எந்த இயந்திரம் எப்போது ஓடும், எப்போது நிற்கும், எதை எப்போது கழற்றித் துடைத்து கிரீஸ் போட வேண்டும் என்று எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். பிறகு அன்றாட வேலையை அதுவே சொல்லுமாம். அப்பா பெக்டரி இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். ஆகவே அவர்தான் ஏற்ற வேண்டும். அதில் ஆங்கிலமும் சிங்களமும்தான் இருக்கின்றன. அப்பா சிங்களம் பேசுவார், வாசிக்க மாட்டார்.

பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ராமநாதன் ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அடுத்த மாதக் கடைசியில் கொழும்புக்கு அறிக்கை போகும். அதற்குள் இது சரிவராவிட்டால் ஹட்டனிலிருந்து டெப் தெரிந்த ஒருவரைப் பிட்டராகப் போட்டு, அப்பாவை வெளி வேலைக்கு அனுப்புவார்கள். வெளி வேலை என்றால் மலையில் புல் வெட்டுவது. அப்பாவின் வலது முழங்கால் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் படிகளுக்கே சரியாக மடங்குவதில்லை.

"நீ கம்ப்யூட்டர் படிக்கிறல்ல, தர்ஷி" என்றார். டெப்பை என்னிடம் நீட்டினார்.

ஜூன் 26, வியாழன்

இயந்திரங்களின் பெயர்களை ஏற்றினேன். கொழுந்தை வாட்டும் தொட்டிகள், உருட்டும் ரோலர்கள், காய வைக்கும் ட்ரையர், சலிக்கும் இயந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓடும் நேரம் கேட்கிறது.

"ரோலர் எத்தன மணிக்கு ஓடும்பா?"

"கொழுந்து வாடுனா ஓடும்."

"எத்தன மணிக்கு வாடும்?"

"மழையப் பொறுத்தது."

மென்பொருளில் மழைக்குப் பெட்டி இல்லை. ஒரு நேரத்தை நானே போட்டேன். நூலகத்திலிருந்து எடுத்த நாவல் முதல் அத்தியாயத்திலேயே கிடக்கிறது.

ஜூன் 28, சனி

முடித்துவிட்டேன்! பெக்டரி மூடும் நாட்கள் எவை என்று கடைசியில் கேட்டது. ஞாயிறு, பௌர்ணமி லீவான போயா என்று குறித்தேன். உடனே எல்லாச் சர்வீஸ் வேலைகளையும் அந்த நாட்களில் தானே அடுக்கிக்கொண்டது. சீட்டு விளையாடுகிறவர் சீட்டை அடுக்குவதுபோல அத்தனை வேகம்.

அப்பா தேநீர் போட்டுக்கொடுத்தார். அப்பா போட்டு நான் குடித்தது நினைவில் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

முதல் நாளே பிழையாகிவிட்டது. ரோலர்களை நிறுத்திக் கழற்று என்று டெப் காலையில் சொல்லியிருக்கிறது. ரோலர்கள் நிறையக் கொழுந்து ஓடிக்கொண்டிருந்ததாம். நிறுத்தினால் அவ்வளவும் பழுதாகிவிடும். அப்பா நிறுத்தவில்லை. மாலையில் பார்த்தால் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. செய்யாமல் விட்ட வேலைக்குச் சிவப்பு, செய்ததற்குப் பச்சை.

மழையில் கொழுந்து வாடத் தாமதமாகியிருக்கும். அடுத்த ஞாயிறு சரியாகிவிடும்.

ஜூலை 2, புதன்

ரோலர் அறையில் வேலை செய்யும் அழகன் மாமா படியில் மறித்து, "என்னா தர்ஷி, ஒங்கப்பா இப்பல்லாம் மெஷினுக்கு முன்னாடி நின்னு டெப்ப பாத்துக் கும்புடுறாரு" என்றார். சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து ஏன் சிரித்தேன் என்று இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

மறுபடியும் சிவப்பு. நேற்று மழையே இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

ராமநாதன் ஐயா அப்பாவை எல்லார் முன்னாலும் வைத்து ஏசியிருக்கிறார். சிவப்பெல்லாம் பச்சையாகணும், செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி என்றாராம். அப்பா வந்ததும் டெப்பை என் புத்தகங்களின் மேல் வைத்தார்.

"எல்லாம் முடிஞ்சதுன்னு அமத்திரு."

மூன்றாம் ரோலருக்கு கிரீஸ் போட்டீங்களா என்று கேட்டேன். டெப்பை இன்னும் என் பக்கமாகத் தள்ளினார். போடாமல் போட்டதாக அமத்தினால் அது இன்னும் இரண்டு மாதத்துக்கு அந்த ரோலரை ஞாபகப்படுத்தாதே என்றேன். நான் மெதுவாகத்தான் சொன்னேன்—

"எனக்குப் பாடம் நடத்தாத. ரோலரப் பத்தி எனக்குச் சொல்லித் தாறியா நீ?"

அப்பா என்னை அப்படிப் பேசியதே இல்ல. டெப்ப எடுத்துட்டு வெளியப் போயிட்டாரு. அம்மா சோத்தப் போட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. நான் என்ன தப்பா சொன்னேன்? எனக்கும் தவணைப் பரீட்சை வருது. யாராச்சும் கேட்டாங்களா?

ஜூலை 10, வியாழன்

போயா. மலையில் வேலை இல்லை. அம்மா துணி துவைத்தார். நான் நாள் முழுக்கத் தூங்கினேன்.

ஜூலை 11, வெள்ளி

பாடசாலையிலிருந்து வரும்போது பெக்டரி வளைவில் ஏதோ குறைந்தது. என்னவென்று தெரியாமல் நின்றேன். சத்தம். அந்த வளைவில் எப்போதும் காலடி வரைக்கும் ஒரு நடுக்கம் இருக்கும். இன்று ஓடைத் தண்ணீர் விழுவது கேட்டது.

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்ததும், பெக்டரி ஏன் நிற்கிறது என்று கேட்டேன்.

"நேத்துப் போயால்ல? நாங்க பறிக்கல. பறிக்காட்டி அதுங்களுக்கு இன்னைக்கு என்னா வேலை?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பகலில் பறிக்கிற கொழுந்து இரவெல்லாம் வாடி மறுநாள்தான் ரோலருக்குப் போகிறது. சனிக்கிழமை அம்மா பறித்தது ஞாயிறு காலை ஓடுகிறது. ஞாயிறு யாரும் பறிப்பதில்லை, ஆகவே திங்கள் ரோலருக்கு ஒன்றும் இல்லை. ஆட்களுக்கு ஞாயிறு லீவு என்றால் இயந்திரங்களுக்குத் திங்கள். போயாவுக்கு மறுநாள் இன்னொரு லீவு. நான் இயந்திரங்களுக்கு ஆட்களின் லீவைக் கொடுத்துவிட்டேன்.

பிறந்ததிலிருந்து இந்த லயத்தில் இருக்கிறேன். அந்தச் சத்தம் எந்த நாளில் நிற்கும் என்று ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். செவ்வாய்க்குப் பிறகு இன்றுதான் பேசினோம்.

"இதெல்லாம் தெரியாமலா நீ போட்டிருப்பன்னு நெனச்சேன்" என்றார்.

ஜூலை 12, சனி

நாட்களை மாற்ற டீமேக்கரின் அனுமதி வேண்டும். அப்பாவோடு நானும் போனேன். ராமநாதன் ஐயா நிமிரவில்லை. ஞாயிற்றுக்கிழமையை ஓடும் நாள் என்று போட்டால், யாரைக் கேட்டு ஞாயிறு ஆள் போட்டீர்கள் என்று கொழும்பில் கேட்பார்கள், முடியாது என்றார். ஆட்களின் லீவு வேறு பக்கத்தில் இருக்கிறது, இது இயந்திரத்துக்கு மட்டும் என்று நான் சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "இத ஏத்துனது யாரு?"

அப்பா இத்தனை நாள் மறைத்துவைத்தது அதைத்தான்.

"மகதாங்கய்யா. எனக்கு அத வாசிக்கத் தெரியாது."

"அப்ப பிட்டர் யாரு, நீயா, இவளா?"

வாசலில் நின்ற அழகன் மாமா சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"கழட்டி மாட்டுறவன்தாங்கய்யா பிட்டரு" என்றார் அப்பா.

ராமநாதன் ஐயா ஜன்னல் வழியாக ரோலர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று அது நின்றுகிடந்தது அவருக்கும் தெரியும்தானே. கடைசியில், திங்களுக்கு மாற்றச் சொன்னார். ஆனால் இன்றோடு என் கை அதில் படக்கூடாது, சுதாகரனே அமத்த வேண்டும் என்று அப்பாவின் பெயரைச் சொன்னார். இனி ஒரு சிவப்பு விழுந்தாலும் ஹட்டன் ஆள்தான்.

ஜூலை 13, ஞாயிறு

சொற்களைப் படிக்கச் சொல்லவில்லை. எந்த இடத்தில் எதை அமத்த வேண்டும் என்று காட்டினேன். அப்பாவின் விரல் நுனிகள் வெடித்துக் காய்த்திருக்கின்றன. திரை அவற்றை விரலாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஈரத் துணியில் துடைத்துத் துடைத்து அமத்தினார். "கேக்குதா பாரு, கழுத" என்று அதை ஏசினார். இரண்டு பேருக்கும் சலித்துவிட்டது.

ஜூலை 14, திங்கள்

மூன்றாம் ரோலரைக் கழற்றினாராம். உள்ளே கிரீஸ் ஒரு பொட்டு இல்லை, இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் பிடித்துக்கொண்டிருக்கும் என்றார். அம்மாவிடம்தான் சொன்னார், நான் கேட்கும்படி. டீமேக்கர் ஏசிய அன்றைக்கும் அந்தச் சிவப்பை அப்பா பொய்யாகப் பச்சையாக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

வரலாற்றுப் பரீட்சை. கடைசிக் கேள்வியை எழுதவில்லை. மழை.

ஜூலை 31, வியாழன்

அறிக்கை போய்விட்டது. ஹட்டனிலிருந்து யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

வரலாற்றுக்கு நாற்பத்தெட்டு. நாவலை வாசிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி அதையே எடுத்துவந்தேன்.

அப்பா சாப்பிட்டுவிட்டுச் சட்டையோடு படுத்துத் தூங்கிவிட்டார். டெப்பை இப்போது என் புத்தகங்களின் மேல் வைப்பதில்லை. ஜன்னல் ஓரத்தில் அதற்கு ஒரு பலகை அடித்திருக்கிறார். சார்ஜ் போட்டால் தானாகத் திரை வெளிச்சமாகும். தொடவில்லை, பார்த்தேன். எல்லாம் பச்சை. குறிப்பு எழுதும் பெட்டியை யாரும் நிரப்ப வேண்டியதில்லை. தமிழ் எழுத்துகளை எங்கே தேடிப் பிடித்தாரோ, அப்பா நிரப்பியிருந்தார்:

"கொழுந்து இல்லாத நாள். ரண்டாம் ரோலர் கழட்டி மாட்டியாச்சு. பிட்டர் சுதாகரன்."

அதில் பெயர் போட வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை.